முழங்கால் தண்ணீர்

அலுவலகத்தில் அவளுக்குக் கரையக்கா என்று பேர். சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் மொத்தமே மூன்று மேசைகள். மலைக்குப் போகிறவர்கள் முதல் மேசையில் உட்கார வேண்டும். வெளிநாடு போகிறவர்களுக்கு நடு மேசை. கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஜன்னலோரத்து மேசைக்கு, அவளிடம் வருவார்கள். பதினோரு வருஷமாக அதே மேசை, ஒரு கால் குட்டையான அதே நாற்காலி.

கடல் எல்லாம் ஒன்றுதானே, உப்புத் தண்ணீர்தானே என்று வருகிறவர்களை அவள் லேசில் விடமாட்டாள். உங்க வீட்டுல காலையில யார் முதல்ல எழுந்திருப்பா? யாருக்காவது மூட்டு வலி உண்டா? கால்ல மணல் ஒட்டினா எரிஞ்சு விழுற ஆள் யாராவது இருக்காங்களா? கல்யாணமாகி எத்தனை மாசம்? "ரூம் போடச் சொன்னா ஜாதகம் பார்க்குறீங்களே" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அவரே திரும்பி வந்து தன் தம்பியையும் அனுப்பி வைத்தார்.

புதுசாகக் கல்யாணமானவர்களை ஆள் நடமாட்டமில்லாத கரைக்கு அவள் அனுப்புவதே இல்லை. "முதல் சண்டை அங்கதான் வரும். கோபத்துல தனியா நடந்து போய் ஒரு ஐஸ்கிரீம் வாங்கவாவது கடை வேணாமா?" என்பாள். ஓய்வு பெற்றவர்களுக்கு முதுகு சாய்க்க பெஞ்சும், நடக்கிற தூரத்தில் கழிப்பறையும் உள்ள கரை. மாமியாரும் மருமகளும் சேர்ந்து போனால் இரண்டு வாசல் வைத்த விடுதி.

வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கரைகளையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சரிவைக் காலால் அளப்பாள், தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது என்று நின்று பார்ப்பாள், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒவ்வொரு கரைக்கும் அவள் வைத்த பட்டப்பேர்தான் ஆபீஸில் நிலைத்தது. ஆள் மொய்க்கும் கரை 'சந்தை'. அலை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வரும் கரை 'குதிரை'. இரண்டு பக்கமும் பாறை வளைத்துக்கொள்ள, நடுவில் தண்ணீர் அசையாமல் கிடக்கும் கரை 'குளம்'.

குளத்துக்கும் குதிரைக்கும் இடையில் நாற்பது கிலோமீட்டர்தான். இரண்டு இடத்திலும் ஒரே முதலாளிக்கு விடுதி இருந்தது. விடுதியின் பேரும் ஒன்றே. குளத்தில் இருப்பது 'ஒன்று', குதிரையில் இருப்பது 'இரண்டு'. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. அலைச்சறுக்குப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு குதிரைக்கென்று முந்தின நாள் கிளம்பிப் போன மூன்று இளைஞர்களில் ஒருவன்.

"அக்கா, சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல" என்றான். "அலைக்குன்னுதானே வந்தோம்? இங்க ஒரு பறவை தண்ணிமேல உக்காந்து தூங்கிக்கிட்டு இருக்கு. பக்கெட்டுல சொம்பைப் போட்டாக்கூட இதைவிடப் பெரிய அலை வரும்."

அவளும் சிரித்தாள். "காலையில அப்படித்தான் இருக்கும் தம்பி. பொறுங்க, பத்து மணிக்கு மேல..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். குதிரையில் எந்த நேரத்திலும் பறவை உட்கார்ந்து தூங்க முடியாது.

"தம்பி, உங்க முன்னாடி பாறை இருக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்குக்கா. நடுவுல கிண்ணத்துல ஊத்தி வெச்ச மாதிரி தண்ணி."

கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியக்கூடத் தோன்றவில்லை. இவர்கள் குளத்தில் இருக்கிறார்கள் என்றால், குளத்துக்குப் போக வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

கணினியில் தேடினாள். புதன்கிழமை மத்தியானம் இரண்டு பதிவுகள், ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டிலும் மூன்று பேர். இரண்டும் ஒரே தேதி. பட்டியலில் 'ஒன்று' மேலே, 'இரண்டு' கீழே. அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதும் ஞாபகம் வந்தது. வீட்டில் மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று கணவர் போன் செய்திருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "பிளம்பரைக் கூப்பிடுங்களேன், என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பதிவையும் முடித்திருந்தாள். ஒரு வரி மேலே அழுத்த வேண்டியதைக் கீழேயும், கீழே அழுத்த வேண்டியதை மேலேயும் அழுத்தியிருந்தாள்.

குளத்துக்குப் போக வேண்டியவர்கள் ஓர் அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண் குழந்தை. குழந்தையை வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். அவள் காதுக்குத்தான் அந்தப் பேர் போய்ச் சேர்வதில்லை. பிறந்ததிலிருந்தே கேட்காது.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் வந்து இந்த மேசை முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நிதானமாகப் பேசினாள்.

"ஒரே ஒரு விஷயம்தான் மேடம். மத்த பிள்ளைங்க தண்ணிக்குள்ள போனா அம்மாக்காரி 'ஏய், வாடி இங்க'ன்னு கத்தலாம். நான் கத்தி என்ன பிரயோஜனம்? என் கைக்கு எட்டுற கடல் வேணும்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். "எனக்கும் நீச்சல் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மேல போறதும் கீழ வர்றதும்தான்" என்று சொல்லிச் சிரித்தார். குருவி அதற்குள் மேசைமேல் கிடந்த ரசீதுக்குப் பின்னால் மீன் வரைந்து முடித்திருந்தாள்.

கரையக்கா அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக அக்கறை எடுத்துக்கொண்டாள். வெள்ளைத்தாளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். நூறு அடி வரைக்கும் முழங்கால் தண்ணீர்தான், அடியில் குழி இல்லை, இழுப்பு இல்லை, குழந்தையைப் பயமில்லாமல் விடலாம். 'பயமில்லாமல்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

இப்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் குதிரையின் முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள்.

அம்மாவின் எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. அப்பாவின் எண்ணை வாங்கி வைக்காமல் விட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு விடுதி இரண்டுக்குக் கூப்பிட்டாள்.

"அந்தக் குழந்தை வந்திருக்கிற குடும்பமா? அவங்க எட்டரைக்கே கடலுக்குக் கிளம்பிட்டாங்களே" என்றார் வரவேற்பறையில் இருந்தவர். "பாப்பா மஞ்சள் சட்டை. எனக்கு டாட்டாகூடக் காட்டிட்டுப் போச்சு."

"சார், தயவு செஞ்சு உடனே கரைக்குப் போங்க. அவங்களைத் தண்ணியில இறங்க வேணாம்னு சொல்லுங்க. அந்தக் குழந்தைக்குக் காது கேக்காது."

"கவுண்டர்ல நான் ஒருத்தன்தான் மேடம் இருக்கேன்."

"கவுண்டரை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க சார். குழந்தையைக் கடல் தூக்கிட்டுப் போயிடும்."

"லைஃப்கார்டு பத்து மணிக்குத்தான் வருவாரு. மாத்தி விட ஆள் வந்ததும் நானே போய் அவர்கிட்ட சொல்லி அவங்களை வெளிய வர வைக்கிறேன்" என்றார். அதற்குமேல் அவரை அசைக்க முடியவில்லை.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அறைக் கதவைச் சாத்தினார்.

"பதட்டப்படாதீங்க அக்கா. அங்க எச்சரிக்கைப் பலகை இருக்கு. அவங்க படிச்சவங்கதானே? கடலைப் பார்த்தா தெரியாதா?"

"நான் எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சிருப்பாங்க."

"இப்ப நீங்க நேர்ல போனா, தப்பை நாமளே போய் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். யோசிங்க."

அவள் யோசிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆபீஸ் வேன் வாசலில் நின்றது. அதன் டிரைவரை எல்லோரும் ஸ்டியரிங் அண்ணன் என்பார்கள். சக்கரத்தைப் பிடித்தால் வாயையும் ஓட்டுகிற ஆள்.

"அண்ணே, குதிரைக்கு. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகக் கூடாதுண்ணே. ஏறுங்க."

குதிரை அறுபது கிலோமீட்டர். வேன் ஊரைத் தாண்டும்வரை அவள் விடாமல் அம்மாவின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தக் கரை உள்ளங்கை ரேகை மாதிரி. கரையில் நின்று பார்த்தால் முதல் பத்தடி சாதுவாகத்தான் இருக்கும். பதினோராவது அடியில் மணல் சட்டென்று சரியும். அலை வந்து அடிப்பதுகூடப் பெரிசில்லை, திரும்பிப் போகும்போதுதான் காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும். போன வருஷம் கணுக்கால் தண்ணீரில் நின்றவளே தடுமாறி உட்கார்ந்திருக்கிறாள். நோட்டில் 'நீச்சல் நன்றாகத் தெரிந்த பெரியவர்களுக்கு மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.

ஸ்டியரிங் அண்ணன் அவள் மனசை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். "என் பொண்டாட்டி கடலுக்கு வந்தா செருப்பைக் கழட்ட மாட்டா. கேட்டா, 'செருப்பை எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?'ன்னு கேப்பா. அந்த மாதிரி ஆளுங்களும் இருக்காங்க. எல்லாரும் போனதும் தண்ணியில குதிப்பாங்களா?"

"எட்டு வயசுண்ணே. காது கேக்காது."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில், ஆடி அசைந்து போனது. அவள் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் எண்ண மாட்டாமல் விட்டாள். இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை குடும்பங்களை எத்தனை கரைகளுக்கு அனுப்பியிருப்போம் என்று நினைத்தாள். அதில் எத்தனை தடவை விரல் ஒரு வரி தவறி, யாருக்கும் ஒன்றும் ஆகாமல் போனதால் தனக்குத் தெரியாமலே போயிருக்கும்?

பத்து முப்பத்தைந்துக்கு விடுதிக்காரர் கூப்பிட்டார். பின்னால் கடல் இரைச்சல்.

"மேடம், நான் கரையிலதான் இருக்கேன். லைஃப்கார்டுகிட்ட சொல்லிட்டேன். ஆனா இங்க..."

"இங்க என்ன?"

"ஜனங்க ஓடுறாங்க மேடம். கூட்டமா நிக்கிறாங்க. என்னன்னு..."

இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. அவள் போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் அண்ணன் மட்டும், கேட்காமலே, வேனை இன்னும் வேகமாக விரட்டினார்.

கரைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. வேன் நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து இறங்கினாள். மணலில் செருப்பு புதைந்தது, உதறிவிட்டு ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும்போது காலடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். ஒரு சின்ன மஞ்சள் சட்டை. நனைந்து, மணல் அப்பிக் கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

அந்தச் சட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யாரோ "தள்ளுங்கம்மா" என்று தோளைத் தொட்டு விலக்கியபோதுதான் பார்த்தாள். பத்தடி தள்ளி, ஒரு பெரிய துண்டுக்குள் சுருண்டு, அம்மாவின் மடியில் குருவி உட்கார்ந்திருந்தாள். உதடு நடுங்கியது. முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. வலது கையால் ஒரே சைகையைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கன்னு கேக்குறா" என்றாள் அம்மா, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே.

அப்பா கூட்டத்துக்கு நடுவில், ஒருக்களித்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சும் அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி சத்தத்தோடு வந்தது. லைஃப்கார்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். அலைப்பலகைகளை வாடகைக்கு விடும் ஒரு பெண், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். அவள்தான் பலகையோடு பாய்ந்து நீந்திப் போய் அவரை இழுத்து வந்திருந்தாள்.

"ஆம்புலன்ஸ் வர இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம்" என்றார் லைஃப்கார்டு.

"வேன் இருக்கு" என்றாள் கரையக்கா. "தூக்குங்க."

அப்போதுதான் அம்மா நிமிர்ந்து அவளை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் உடைந்தது. "மேடம், நீங்களா? நீங்க எப்படி... கடவுள் மாதிரி வந்தீங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. கரையக்காவால் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரி இருபது நிமிஷ தூரம். வேனின் பின் இருக்கையில் லைஃப்கார்டு அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். குருவி அப்பாவின் செருப்பில்லாத பாதத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, ஒரு நாள் முழுக்கப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவரை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே நீளமான நடைபாதை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நர்ஸ் குருவியின் முழங்காலுக்கு மருந்து போட உள்ளே அழைத்துப் போனாள். அம்மா ஒரு நாற்காலியிலும் கரையக்கா அடுத்த நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள்.

"என்னாலதான் மேடம்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டே. "நீங்க அவ்வளவு தெளிவா எழுதிக் குடுத்தீங்க. நான்தான் தப்பான பக்கம் இறங்கிட்டேன் போல. ரெண்டு பக்கமும் பாறை இருக்கும்னு சொன்னீங்களேன்னு தேடினேன். ரொம்ப தூரத்துல ஒண்ணு தெரிஞ்சுது. அதுவாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

கரையக்கா சாத்திய கதவைப் பார்த்தாள்.

"கடலைப் பார்த்ததும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஒரு போர்டுகூட இருந்துச்சு. எல்லா இடத்துலயும் வெப்பாங்க, கையிலதான் பேப்பர் இருக்கேன்னு அவர் சொன்னாரு. எனக்கு எதைக் கண்டாலும் பயம்னு வீட்டுல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. இதுவும் அந்தப் பயம்தான் போலன்னு நினைச்சு விட்டுட்டேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சுக்கிட்டு, ஓரமாத்தான் நின்னோம். நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு பின்னாடி விசில் அடிச்சாங்க. யாரோ எங்களைப் பார்த்துக் கத்தினாங்க. என்னன்னு நாங்க ரெண்டு பேரும் திரும்பினோம். அவளுக்கு மட்டும் கேக்கல. அவ முன்னாடியே பார்த்துக்கிட்டு ஒரு எட்டு வெச்சா. கை நழுவிடுச்சு."

அப்பா தண்ணீருக்குள் பாய்ந்தார். குழந்தையின் சட்டையைப் பிடித்துக் கரைப் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிய வேகத்தில் அவர் கால் சரிவில் இறங்கியது.

அந்த விசிலை அடிக்கச் சொன்னது யார்? காலையில் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஆளை அனுப்பி வைத்தது யார்? தப்பும் அவளுடையது, தப்பைத் திருத்தப் போட்ட கையும் அவளுடையது.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மேனேஜர். எழுந்து நாலு எட்டு தள்ளிப் போய் எடுத்தாள்.

"விடுதியில விசாரிச்சேன் அக்கா. அந்தம்மா தானே வழி மாறி வந்துட்டோம்னுதான் அங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்களாம். அப்படியே இருக்கட்டும். நீங்க எதுவும் ஒத்துக்காதீங்க. உதவி பண்ணிட்டு வந்துடுங்க, போதும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அம்மா நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். கரையில் ஒட்டிய மணல் அவள் புடவையிலிருந்து தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பவர் பிழைத்தால் இவள் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தான்தான் காரணம் என்று நினைப்பாள். பிழைக்காவிட்டால், அதற்கு மேல் கரையக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. போய் முன்னால் நின்றாள்.

"நீங்க வழி தப்பலைங்க."

அம்மா நிமிர்ந்தாள்.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன். உங்களுக்குப் போட வேண்டிய ரூமை வேற மூணு பேருக்குப் போட்டுட்டேன். அவங்களோடதை உங்களுக்குப் போட்டுட்டேன். நான் எழுதிக் குடுத்தது வேற கடல். நீங்க போனது வேற கடல். காலையில ஒன்பதேகாலுக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்த விசில்கூட நான் போன் பண்ணிச் சொன்னதாலதான் அடிச்சாங்க."

சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அவளையே பார்த்தாள். கன்னத்தில் அறைவாள் என்று கரையக்கா எதிர்பார்த்தாள், அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அறையவில்லை. நடைபாதைக் கோடியில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது திருப்பத்தில் மறையும்வரை அம்மா அதையே பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தது" என்றாள் பிறகு. குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. "கண்ணால பார்த்தேன், இது பிள்ளைங்க இறங்குற தண்ணி இல்லைன்னு. கண்ணை நம்பாம உங்களை நம்பினேன்."

அம்மா புடவையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"எழுதிக் குடுங்க" என்றாள் அம்மா.

"என்னங்க?"

"இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்க. அவர் கண் முழிச்சதும் என்னைத்தான் கேப்பாரு. அவங்க வீட்டுல எல்லாரும் வருவாங்க, அவங்களும் என்னைத்தான் கேப்பாங்க. அப்ப என் வாய்ல வார்த்தை வராது."

கரையக்கா வேறொரு நர்ஸிடம் தாள் வாங்கி, சுவரில் வைத்து எழுதினாள். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். அம்மா ஒரு வரி விடாமல் படித்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வேன் குடுத்தீங்க. அதுக்கு நன்றி. இனிமே இங்க நிக்காதீங்க, என் பொண்ணு வெளிய வர்றதுக்குள்ள போயிடுங்க."

கரையக்கா போனாள். ஆனால் தொலைவு போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் மாலை ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங் அண்ணன் அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே போய் விசாரித்து வந்தார். "மூச்சு சீராகுதாம்." "தண்ணி கேட்டாராம்." கடைசியாக வந்து, "பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசினாராம், எழுந்திரு" என்றார். அவள் எழுந்து வேனில் ஏறினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். அவர் ரேடியோவைப் போட்டு, அவள் அழுவதைக் கேட்காத மாதிரி ஓட்டினார்.

அப்பா நாலாவது நாள் வீடு திரும்பினார் என்று விடுதிக்காரர் மூலம் தெரிந்தது. மேனேஜர் அவளை ஒரு மாசம் வீட்டில் இருக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்ததற்காகத்தான் அவருக்குக் கோபமே தவிர, தப்பு நடந்ததற்காக இல்லை. "வேலையை விட்டுடு, நிம்மதியா இரு" என்றார் கணவர். விட்டால் நிம்மதி வருமா என்று அவளுக்கே தெரியவில்லை. வீட்டில் இருந்த முப்பது நாளும் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தாள்.

திரும்ப வேலைக்கு வந்த அன்று முதல் காரியமாகக் கணினிப் பட்டியலிலிருந்து ஒன்றையும் இரண்டையும் எடுக்கச் செய்தாள். அந்தந்த விடுதியின் பேரோடு கரையின் பட்டப்பேரும் சிவப்பில் வரும்படி மாற்றினார்கள். அப்படியும் அவளுக்குப் போதவில்லை. யாரையாவது அனுப்பினால், அவர்கள் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணி, "உங்க முன்னாடி இப்ப என்ன தெரியுது, சொல்லுங்க" என்று கேட்டாள். "கடல்தான் தெரியுது, வேற என்ன தெரியும்?" என்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடலின் நிறத்தைக் கேட்டாள், பாறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு மாசம் போயிருக்கும். ஒரு மத்தியானம் போன் வந்தது.

"நான் குருவியோட அம்மா பேசுறேன்."

கரையக்கா தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்லக் கூப்பிடல."

"சரிங்க."

"அவளையும் அவரையும் நீச்சல் வகுப்புல சேர்த்திருக்கேன். அவ ஒரே வாரத்துல மிதந்துட்டா. அவருதான் இன்னும் கம்பியை விட மாட்டேங்குறாரு. நாலு வயசுப் பிள்ளைங்க எல்லாம் அவரைத் தாண்டிப் போகுதுங்க." அந்தப் பக்கம் வந்த சத்தம் சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "அவருக்கு மூச்சு இன்னும் கொஞ்சம் வாங்குது. டாக்டர் போகப் போகச் சரியாயிடும்னு சொல்றாரு."

"நல்லதுங்க" என்றாள் கரையக்கா.

"அவ மறுபடியும் கடலுக்குப் போகணும்னு கேக்குறா. எங்க போறதுன்னு உங்ககிட்ட கேக்க மாட்டேன்."

"வேணாங்க. கேக்காதீங்க."

"ஆனா ஒரு கரையில போய் நின்னா, அது எப்படிப்பட்டதுன்னு எனக்கே தெரியணும். அதை மட்டும் சொல்லிக் குடுங்க. எதைப் பார்க்கணும்?"

கரையக்கா உட்கார்ந்தாள். நடு மேசைக்காரர் ஏதோ கேட்க வந்தார், கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போனதும் இறங்காதீங்க. கொஞ்சம் உயரமான இடத்துல கால் மணி நேரம் சும்மா நின்னு பாருங்க. அலை வரிசையா உடைஞ்சுக்கிட்டு வரும், நடுவுல ஒரு இடத்துல மட்டும் உடையாம, பார்க்க அமைதியா, கொஞ்சம் கறுப்பாக் கிடக்கும். எல்லாரும் அதுதான் நல்ல இடம்னு இறங்குவாங்க. அங்கதான் இழுப்பு."

"இருங்க" என்றாள் அம்மா. "எழுதிக்கிறேன். அமைதியா, கறுப்பா... அப்புறம்?"

"அப்புறம் மணலோட சரிவைப் பாருங்க. படி மாதிரி செங்குத்தா இறங்கினா, தண்ணியும் அப்படித்தான் இறங்கும். அந்தக் கரையிலேயே தினம் பிழைக்கிற ஒருத்தரைக் கேளுங்க, ஒருத்தர் போதாது, ரெண்டு பேரைக் கேளுங்க. லைஃப்கார்டு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தரும் இறங்க வேணாம். எல்லாம் சரியா இருந்தும் உங்களுக்குப் பயமா இருந்தா..."

"பயமா இருந்தா?"

"இறங்காதீங்க. யார் என்ன எழுதிக் குடுத்திருந்தாலும்."

அந்தப் பக்கம் பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா முதலில் கேட்ட விஷயத்துக்கே திரும்பி வந்தாள். "அந்தக் கறுப்பு இடம்னு சொன்னீங்களே, மேகம் இருக்கிற நாள்ல கடலே கறுப்பாத்தானே தெரியும்? அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. கரையக்கா தொலைபேசியை வலது காதுக்கு மாற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து, இன்னும் நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.